அத்திரிபாச்சா ஆங்கிலம்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தனியார் நர்சரி, தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இது என் முதல் வேலை. ஜூன் மாதம்தான் சேர்ந்தேன். வகுப்பில் 34 பிள்ளைகள். பெரும்பாலும் காபித் தோட்டத் தொழிலாளர்கள், சிறு கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம் கிடையாது. வாரத்துக்கு ஒரு பாடவேளையை 'லிசனிங்' என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்கிறேன். மூன்று முறை போட்டாலும் ஒருவரும் விடை சொல்வதில்லை. நானே ஆங்கிலத்தில் பேசினால் எல்லாவற்றையும் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். 'வாட் இஸ் யுவர் நேம்?' என்று கேட்டால் 34 பேரும் ஒரே குரலில் 'வாட் இஸ் யுவர் நேம்?' என்கிறார்கள். தலைமையாசிரியை வகுப்பில் தமிழே கூடாது என்கிறார். நான் தமிழ்வழியில் படித்தவள். என் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. ஒரு பையன் சேர்ந்த நாளிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. என்ன செய்வது, அம்மா?

— ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கொழுக்கட்டைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்ட மாப்பிள்ளை, ஊருக்குப் போய் மனைவியைச் செய்யச் சொல்லலாம் என்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடந்தான். வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. 'அத்திரிபாச்சா' என்று தாண்டினான். அதோடு கொழுக்கட்டை போயிற்று. வீடு போய்ச் சேரும்வரை 'அத்திரிபாச்சா'தான். வாய் ஒரு நொடிகூட ஓயவில்லை, சொல் மட்டும் கைவிட்டுப் போய்விட்டது.

உங்கள் வகுப்பில் நடப்பதும் இதுதான். பிள்ளைகள் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு சொற்களை ஏற்ற இறக்கத்தோடு பிசகாமல் திருப்பிச் சொல்கிற காதைக் குறை சொல்ல முடியாது. எல்.கே.ஜி.யில் நுழைந்த நாள் முதல் ஆங்கிலம் என்றால் டீச்சர் சொல்வதைத் திருப்பிச் சொல்வது என்றுதான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். கல்யாண மேடையில் புரோகிதர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை சொல்லவில்லையா, அப்படி. மாப்பிள்ளையிடம் யாரும் பொருள் கேட்பதில்லை. நீங்கள் திடீரென்று பொருள் கேட்கிறீர்கள், பிள்ளைகள் திகைக்கிறார்கள். இந்தத் திகைப்பு நல்லதுதான்.

முதல் வேலையாக, 'கேள்' என்பதையும் 'சொல்' என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். நான் இதற்கு இரண்டு சைகைகள் வைத்திருந்தேன். உள்ளங்கையைக் காதருகே குவித்தால், கேட்டுச் செய்ய வேண்டும். வாய் திறக்கக் கூடாது. உள்ளங்கையை அவர்கள் பக்கம் நீட்டினால், திருப்பிச் சொல்லலாம். முதல் இரண்டு மூன்று நாள் எந்தச் சைகைக்கும் எதிரொலிதான் வரும். அதட்டாதீர்கள். கையைக் காதருகிலேயே வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். யாராவது ஒரு குழந்தை, அநேகமாக முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, சொல்வதை விட்டுவிட்டுச் செய்யத் தொடங்குவாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துச் செய்வார்கள்.

'ஸ்டேண்ட் அப்', 'சிட் டவுன்' இவற்றில் தொடங்க வேண்டாம். அவை பிள்ளைகளுக்குத் தெரிந்தது போலத் தோன்றும். உண்மையில் அவர்கள் பார்ப்பது நம் கையை. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'டச் யுவர் நோஸ்' என்று சொல்லிக்கொண்டே உங்கள் காதைத் தொடுங்கள். காதைத் தொட்டவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மூக்கைத் தொட்டவர்கள் கேட்டவர்கள். முதல் நாள் 34 பேரில் நாலைந்து பேர் மூக்கைத் தொட்டாலே சந்தோஷப்படுங்கள். மறுநாள் இதே விளையாட்டைக் கேட்டு அவர்களே நச்சரிப்பார்கள், டீச்சர் தப்புச் செய்வதைப் பார்ப்பதில் அவ்வளவு ஆனந்தம்.

'கையைக் கட்டு, வாயில் விரல் வை' என்ற நம் ஊர்ப் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் வைத்த வகுப்பு அமைதியாக இருக்கும், ஆய்வாளர் வந்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த அமைதிக்குள் குழந்தை எதைக் கேட்கிறது என்று உங்களுக்கு ஒரு தடயமும் கிடைக்காது. கேட்டதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய கையையே அல்லவா கட்டிப் போட்டுவிடுகிறோம்?

கை சாட்சி சொல்லும் என்பது என் கண்டுபிடிப்பு கிடையாது. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே இதை ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தார். தாய் 'பந்தை எடு', 'செருப்பைப் போடு', 'பாட்டியிடம் போ' என்கிறாள், குழந்தை செய்கிறது. அந்த வயதில் அதற்குப் பத்துச் சொல்கூடப் பேச வராது. முதலில் உடல் புரிந்துகொள்கிறது, வாய் வெகுநாள் கழித்து வருகிறது; இரண்டாம் மொழிக்கும் அதே வரிசையில் போனால் என்ன என்பதுதான் அவர் கேள்வி. நம் பக்கத்திலேயே இன்னொருவர் இருந்தார்: என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரில் தொடங்கித் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய சோதனை வகுப்புகளை உலகம் இன்று 'பெங்களூர்த் திட்டம்' என்று அழைக்கிறது. கிடைத்தவை கரும்பலகை, சாக்பீஸ், கூட்டமான சாதாரண வகுப்பறை. இலக்கணம் நடத்துவதற்குப் பதிலாக, ஆசிரியர் சொல்வதைக் கேட்டுப் படம் வரைவது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுவது என்று வேலை கொடுத்தார். பேசியே ஆக வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்கவில்லை. வெளிநாட்டு ஒலிப்பதிவைத் தேடி அலையும் நாம் இவரை மறந்துவிட்டோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, நாளைக் காலை வகுப்புக்கு வருவோம். சிலேட்டு இருந்தால் சிலேட்டு. இல்லையென்றால் பழைய நோட்டின் பின்பக்கம். முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள்: 'என் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் வரைய வேண்டும். பக்கத்துச் சிலேட்டைப் பார்க்கக் கூடாது.' பிறகு ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

'டிரா எ ட்ரீ.' சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு மரம் போட அரை நிமிடமாவது வேண்டும். அந்த அரை நிமிடம் உங்களுக்கு யுகமாகத் தோன்றும். எதையாவது சொல்ல வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, 'டிரா த்ரீ ஆரஞ்சஸ் ஆன் த ட்ரீ.' மறுபடி நிறுத்தம். 'டிரா ஒன் ஆரஞ்ச் அண்டர் த ட்ரீ.' கடைசியாக, 'டிரா எ மங்கி.' குரங்கு எங்கே என்று சொல்லாதீர்கள். ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குக் குரங்கைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. அது மரத்திலா, தரையிலா, யாருடைய பையைப் பிடுங்குகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். 'எங்கே, மிஸ்?' என்று தமிழில் ஒரு குரல் எழும். எழுந்தால் உங்கள் வகுப்பு கேட்கத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி தமிழில் வந்தாலும் பதிலை ஆங்கிலத்தில் கொடுங்கள்: 'நியர் த ஆரஞ்ச்.' 'எந்த ஆரஞ்சு?' என்று ஒருவன் கேட்பான். அவனுக்கு மனத்துக்குள் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, 'த ஆரஞ்ச் அண்டர் த ட்ரீ' என்று சொல்லுங்கள்.

இப்போது சிலேட்டுகளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். 34 சிலேட்டும் ஒரே பார்வையில் தெரியும். ஒருவரையும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் அவமானமும் இல்லை. பாதிச் சிலேட்டுகளில் நான்கு ஆரஞ்சும் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். மதிப்பெண் போட வேண்டாம். உங்கள் படத்தைப் பலகையில் போட்டு, அவர்களையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் அதே மரம், அதே குரங்கு. ஆரஞ்சுகள் மட்டும் இடம் மாறட்டும்.

அந்த நான்காவது ஆரஞ்சு ஏன் கீழே விழவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். எந்தப் பயிற்சியிலும் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிலேட்டுகளைப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டது.

'புத்தகத்துக்கு அடியில் பென்சிலை வை.' இந்தத் தமிழ் வாக்கியத்தில் செய்ய வேண்டிய செயல் கடைசியில் வருகிறது. நம் குழந்தை பொருள்களை ஒவ்வொன்றாகக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, வாக்கியம் முடியும் இடத்தில் உஷாராகிறது. வையா, எடுவா, தள்ளா என்று அங்கேதான் தெரியும். தமிழ்க் காது வாலைப் பிடிக்கப் பழகிய காது. ஆங்கிலக் கட்டளையோ செயலைத் தலையில் வைத்திருக்கிறது: 'புட் த பென்சில் அண்டர் த புக்.' குழந்தை நிமிர்ந்து கேட்பதற்குள் 'புட்' போய்விட்டது. 'அடியில்' என்பதும் அப்படித்தான். தமிழில் அது புத்தகத்துக்குப் பின்னால், தனியாக, கனமாக உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'அண்டர்' புத்தகத்துக்கு முன்னால் ஒதுங்கி நிற்கிறது. 'ஆன்', 'இன்' என்பவையோ இருக்கிற இடமே தெரியாது. விளைவாகக் குழந்தையின் காதில் தங்குவது இரண்டு பெயர்கள்: பென்சில், புத்தகம். மிச்சத்தை அது ஊகிக்கிறது. ஆரஞ்சு என்றால் மரத்தில்தானே இருக்கும்? சேர்வராயன் மலையில் பிறந்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்!

இதற்கு 'அண்டர்' என்று கத்துவது மருந்து ஆகாது. பெயர்ச்சொற்களை மாற்றாமல் வைத்துக்கொண்டு அந்தச் சின்னச் சொல்லை மட்டும் மாற்றுங்கள். ஒரு பென்சில், ஒரு புத்தகம், போதும். 'ஆன் த புக்.' 'அண்டர் த புக்.' 'இன் த புக்.' மறுபடி 'அண்டர்.' பொருள் மாறாதபோது காதுக்குப் பிடித்துக்கொள்ள அந்தச் சின்னச் சொல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதேபோல வினைக்கும்: 'ஓபன் த புக்', 'க்ளோஸ் த புக்', 'லிஃப்ட் த புக்', 'கிஸ் த புக்.' கடைசியானதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். ஐந்து நிமிடமானால் சலித்துவிடும்.

மெதுவாகப் பேசுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'புட்... த... பென்சில்... அண்டர்...' என்று சொல்லுக்குச் சொல் நிறுத்துகிறோம், கருணையினால்தான். அப்படி உடைத்தால் ஆங்கிலத்தின் தாளமே போய்விடுகிறது. அந்த மொழி சில அசைகளை அழுத்தி மற்றவற்றை விழுங்கி ஓடுவது. குழந்தை பழக வேண்டியது அந்த ஓட்டத்துக்கு. 'புட் த பென்சில்' என்பதை ஒரே மூச்சில், இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். ஒரு நிறுத்தம். 'அண்டர் த புக்' இன்னொரு மூச்சு. நேரம் கொடுப்பதெல்லாம் நிறுத்தத்தில் கொடுங்கள்.

தமிழே கூடாது என்னும் தலைமையாசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள், முதல் வேலை. ஆனால் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். வடநாட்டுத் தலைவர் ஒருவர் சேலத்தில் மேடையேறிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பேசும்போது கூட்டம் கடலை கொறித்துக்கொண்டிருக்கும். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்ததும்தான் காது நிமிரும். 'ஓபன் யுவர் புக்' என்று சொல்லி உடனே 'புத்தகத்தைத் திறங்கள்' என்று சேர்த்துச் சொல்லும் வகுப்பும் அதே கூட்டம்தான். பிள்ளைகள் புத்திசாலிகள், பின்னால் தமிழ் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்னால் வரும் ஆங்கிலத்தைக் கேட்க மாட்டார்கள். ஆகவே விளையாட்டின் விதியைச் சொல்லத் தமிழ், விளையாட்டு முடிந்த பிறகு 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேட்கத் தமிழ். நடுவில் ஆங்கிலம் மட்டும். தலைமையாசிரியையை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, சிலேட்டு தூக்கும் நேரத்தில் கதவருகே நிற்க வையுங்கள். வாதம் செய்வதைவிட அது சுலபம்.

கைபேசியைப் பொறுத்தவரை என் யோசனை: பொங்கல் விடுமுறை வரை பைக்குள் இருக்கட்டும். ஒலிப்பதிவுக்கு முகம் கிடையாது, உதடு தெரியாது, குழந்தை விழிப்பதைப் பார்த்து அது நிறுத்தவும் செய்யாது. அந்தச் சின்ன ஒலிபெருக்கி 34 பேருக்குப் போதவும் போதாது. மூன்றாம் முறை போட்டபோது அவர்கள் கேட்டது, முதல் முறை புரியாமல் போன அதே இரைச்சலை. வாரம் ஒரு முறை 40 நிமிடம் கேட்பதைவிட, தினமும் பத்து நிமிடம் உங்கள் குரலில் கேட்பது எத்தனையோ மேல். பின்னால், பிள்ளைகளுக்குக் கேட்கும் பழக்கம் வந்த பிறகு, வேறு குரல்களுக்காக ஒலிப்பதிவைக் கொண்டுவாருங்கள். அப்போதும் கேள்வியை முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் யாராலும் கேட்க முடியாது. ரயில் நிலைய அறிவிப்பில் நம் வண்டியின் பெயர் வரும்வரை நாமே கேட்பதில்லையே.

உங்கள் உச்சரிப்புக் கவலைக்கு வருகிறேன். தமிழ்வழியில் படித்தவர் என்பதற்காக வெட்கப்பட வேண்டாம்; நானும் அப்படித்தான். ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களில் கப்பலைக் குறிக்கும் 'ஷிப்'புக்கும் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்'புக்கும் பக்கம் பக்கமாகப் பயிற்சி இருக்கும். அதைத் தைரியமாகத் தாண்டிப் போங்கள். 'பல்' வேறு 'பால்' வேறு, 'கல்' வேறு 'கால்' வேறு என்று தொட்டிலிலேயே பிரித்தறிந்த பிள்ளைகளுக்குக் குறில் நெடில் ஒரு பொருட்டே இல்லை.

நமக்கு முள் வேறு இடத்தில் இருக்கிறது. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப'வும் இரண்டாவது 'ப'வும் ஒரே ஒலியா? முதலாவதில் தொண்டை அதிராது, இரண்டாவதில் அதிரும். ஒரே எழுத்து, இரண்டு ஒலி. வாய்க்கு இரண்டும் தெரியும். ஆனால் தமிழில் அந்த வேறுபாட்டால் சொல்லின் பொருள் மாறுவதில்லை, அதனால் காது அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் மாறுகிறது. குண்டூசியும் குப்பைத் தொட்டியும் அங்கே இரண்டு சொற்கள். இங்கே நான் எழுதினால் இரண்டும் 'பின்'. மேலங்கியும் வெள்ளாடும் அங்கே இரண்டு. என் பேனாவுக்கு இரண்டும் 'கோட்'. பார்த்தீர்களா, இந்தப் பத்தியை எழுதவே எழுத்து ஒத்துழைக்கவில்லை. ஆனால் 'பஸ்' என்று சொல்லும்போது யாரும் தடுமாறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பழகினால் வந்துவிடும். இடது சுவர் குண்டூசி, வலது சுவர் குப்பைத் தொட்டி. நீங்கள் சொல்லும் சொல்லுக்கு ஏற்ற சுவரைப் பிள்ளைகள் கையால் காட்டட்டும். உங்கள் தொண்டையில் விரல் வைத்து அதிர்வைச் சரிபார்த்துக்கொண்டு சொல்லுங்கள். உங்கள் உச்சரிப்பில் நீங்கள் கவலைப்பட வேண்டியது இவ்வளவுதான். மற்றபடி, தான் சொல்வதை நிஜமாகவே எதிர்பார்த்து நிற்கும் ஒரு பெரியவரின் குரல்தான் அந்த வயதுக்கு வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் கதை சொல்லுங்கள். புதுக்கதை வேண்டாம், பாட்டி, காக்கா, வடை, நரி. கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் எங்கே போகிறது என்று காது முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளும். இரண்டாம் முறை சொல்லும்போது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். காக்கா வடைக்குப் பதில் தோசையைத் தூக்கட்டும், நரிக்குப் பதில் யானை வரட்டும். 'நோ!' என்று கூரை பிய்ந்துகொண்டு போகும். என் வகுப்பில் ஒரு முறை காக்கா தட்டுவடை செட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தது. வகுப்பு மறுப்புச் சொல்லவே இல்லை. சேலத்துக் காக்கா அதைத்தான் தூக்கும் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையில் வடை வந்தால்தான் எதிர்ப்பு.

இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1990களில் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்தப் பிள்ளைகள் கட்டளைகளை அழகாகச் செய்வார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் மட்டும் அத்தனை பேரும் தொலைந்துபோவார்கள். எனக்குப் புரிய ஒரு பருவம் ஆயிற்று. வீட்டில் தறி ஓடும்போது அம்மா அப்பா பேசுவதை அவர்கள் உதட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் கேட்டுப் பழகியிருந்தார்கள். அன்றிலிருந்து சாக்பீஸ் கையில் இருந்தால் வாயை மூடிக்கொள்வேன், பேசும்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். உங்களுக்குத் தறி இல்லை. தகரக் கூரையில் மலைமழை இருக்கும். மழை பெய்யும்போது கேட்கும் பயிற்சி வைத்தால் தொண்டைதான் போகும். காலை முதல் பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் 'என் பிள்ளை எப்போது இங்கிலீஷ் பேசுவான்?' என்று கேட்பார்கள். முதல் நாள் சிலேட்டையும் டிசம்பர் மாதச் சிலேட்டையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்து காட்டுங்கள். பைக்குள் இருக்கிற கைபேசிக்கு அந்த ஒரு வேலை உண்டு.

கடைசியாக அந்தப் பையன். பேசாத குழந்தை என்றதும் எனக்கு ஒரு சிறுமி நினைவுக்கு வருகிறாள். ஜூன் முதல் பொங்கல் வரை ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. ஆனால் சிலேட்டில் அவளுடைய ஆரஞ்சு எப்போதும் சரியான இடத்தில் இருந்தது. ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் நான் நாற்காலியில் உட்காரப் போனேன். பின்னாலிருந்து 'டோன்ட் சிட், மிஸ்!' என்று ஒரு குரல். நாற்காலியின் கால் ஒன்று விட்டுப்போயிருந்தது. அவள் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கிலம் அதுதான். புது மொழிக்குள் நுழையும் பல குழந்தைகளுக்கு இப்படி ஒரு மௌன காலம் உண்டு. அந்தக் காலத்தில் நெருக்கினால் அது நீளும்.

ஆனால் உங்கள் பையனை அப்படி விட்டுவிடுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்தாக வேண்டும்: அவனுக்குக் காது கேட்கிறதா? தமிழில் அவன் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்றடி பின்னால் நின்று, தாழ்ந்த குரலில், தமிழில் கூப்பிட்டுப் பாருங்கள். பெயரைச் சொல்லி ஒரு முறை, 'மிட்டாய் வேண்டுமா?' என்று ஒரு முறை. வேறொரு நாளும் செய்யுங்கள். அடிக்கடி 'என்ன?' என்று கேட்கிறானா, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கிறானா, காதில் சீழ் வடிகிறதா, சளி விடாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். மலைக் குளிரில் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தபடியே இருக்கும். சளிக்குப் பிறகு நடுச்செவியில் நீர் தேங்கினால் கொஞ்ச நாளைக்குக் காது மந்தமாகும். வலி இருக்காது, குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. நாம் அதைக் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருப்போம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும்தான் வரும். உங்களுடையது தனியார் பள்ளி. ஆகவே சந்தேகம் இருந்தால் அவன் அம்மாவை அழைத்துப் பேசுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. காலையில் பஸ் பிடித்து இறங்கச் சொல்லுங்கள், ஒரு நாள் கூலி போவதால் தயங்குவார்கள், தேதியை நீங்களே குறித்துக் கொடுங்கள். எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்ற வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். அதுவரை அவனை முன்வரிசையில் உட்கார வையுங்கள். சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவனுக்கு இருட்டாகத் தெரியும். நீங்கள் எதிர்ப்பக்கம் மாறி நின்று பேசுங்கள்.